ஆமைக்கும் ரத்தப் பரிசோதனை

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. வலையில் சிக்கி மூச்சு முட்டியதே முக்கியக் காரணம் என்று சொல்லப்பட்டது. செத்த ஆமையை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். உயிரோடு இருக்கிற ஆமை நலமா என்று எப்படித் தெரியும்?

ரத்தம் சொல்லும். நமக்கு முழங்கை மடிப்பில் எடுக்கிறார்கள் இல்லையா? ஆமைக்குக் கழுத்தின் மேல்பக்கம். தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, மெல்லிய ஊசியால் கொஞ்சம்தான் எடுப்பார்கள். ஓட்டைப் பார்த்து மட்டும் நோயைச் சொல்லிவிட முடியாது. ஆமை காட்டிக்கொள்ளாது. ரத்தம் சொல்லிவிடும்.

முட்டையிட வந்த தாய் ஆமையின் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கும். நமக்கு அப்படி ஏறினால் டாக்டர் கவலைப்படுவார். ஆமைக்கு அது முட்டை ஓட்டுக்கான சேமிப்பு. அதனால்தான் நலமாக உள்ள ஆமைகளின் ரத்தக் கணக்கு முதலில் கையில் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அதுபோல ஒன்று நடந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்குதான் உதவும்.

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ உயிரோடு ஒதுங்கிய ஆமையைக் கண்டால், பரிதாபப்பட்டுக் கடலில் தள்ளிவிடாதீர்கள். நிழல் கொடுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். மருத்துவர் ரத்தம் பார்க்கட்டும்.