எண்ணுரிமையும் எட்டாத அலையும்

(கள்ளக்குறிச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துருவம்)



செல்பேசி இணைப்பை ஒரு நிறுவனத்தினின்று விலக்கி இன்னொரு நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்வது பற்றியது இன்றைய உரை. 'மொழி காக்கக் கூடிய அவையில் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா?' என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நெரிக்கட்டும். ஓர் உரிமை ஏட்டில் எழுதித் தரப்பட்டிருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தப் புகுங்கால் அயல்மொழியும் இடத்தொலைவும் வறுமையும் குறுக்கே வந்து நிற்கின்றன. அந்த உரிமையைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

செல்பேசி எண் என்பது இன்று வெறும் பத்து எண்களின் கோவையன்று. வங்கிக் கணக்கு அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆதார் அட்டை அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. குடும்ப அட்டையும் அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஒருமுறைக் கடவெண் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. பிழைப்புத் தேடிக் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் திருப்பூருக்கும் செல்லும் கல்வராயன்மலை இளைஞனை, வீட்டிலிருக்கும் அவன் தாய் தேடிப் பிடிப்பது அந்த ஓர் எண்ணால்தான். அவன் தங்குமிடம் மாறும், வேலை கொடுப்பவன் மாறுவான், எண் மாறாது. எனவே எண்ணைப் பிடித்து வைத்திருப்பவன், அந்த மாந்தனையே பிடித்து வைத்திருக்கிறான்.

2011-ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்தப் பிடி நிறுவனங்களின் கையில் இருந்தது. கட்டணம் மிகுதியா? அலை எட்டவில்லையா? விலகலாம், ஆனால் எண்ணை விட்டுவிட்டு விலகவேண்டும். புதிய எண்ணை உற்றார் உறவினர்க்கெல்லாம் சொல்லித் தீர்ப்பதற்கு அஞ்சியே இலக்கக்கணக்கான மக்கள் பொருந்தாத நிறுவனங்களில் பொறுத்துக் கிடந்தனர். சிங்கப்பூரில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் ஏற்பாடு 1997-இலேயே தொடங்கிவிட்டது. 2008-இல் அது முழுமை பெற்றது. இந்தியாவிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் நெறிமுறை வகுத்து, 2010 நவம்பர் 25-இல் அரியானாவில் தொடங்கி, 2011 சனவரி 20-இல் தான் நாடெங்கும் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அப்போதும் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்திற்குள் மட்டுமே மாறலாம் என்னும் வேலி இருந்தது. அவ்வேலி 2015 சூலை 3-இல் நீங்கியது.

இம்மாற்றம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவனைத்தான் கடைக்காரன் அலைக்கழிப்பான். முன்பெல்லாம் எண்ணின் முற்பகுதியைக் கொண்டே அஃது எந்த நிறுவனத்தின் எண் என்று கருவிகள் கண்டுகொண்டன. இப்பொழுது, பெயர்ந்து சென்ற எண்கள் அனைத்திற்கும் பொதுப்பதிவேடு ஒன்று உண்டு. ஓர் அழைப்பு புறப்படும்போது, அந்த எண் இன்று எந்த நிறுவனத்தின் குடையின்கீழ் இருக்கிறது என்று அப்பதிவின்வழி அறிந்தே கருவிகள் வழிகாட்டுகின்றன. ஊருக்குள் வீடு மாறியவனுக்கு அஞ்சற்காரர் புதுவீட்டில் மடலைக் கொண்டுபோய்க் கொடுப்பது போன்றதே இது.

மாற விரும்புவோர், தம் செல்பேசியிலிருந்து 1900 என்னும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி விடுக்கவேண்டும். 'போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, அதன்பின் தம் பத்தெண் கோவை, அவ்வளவே. எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்வுக் குறியீடு ஒன்று மறுமொழியாக வரும். தமிழ்நாட்டில் அதற்கு நான்கு நாள் உயிர். அதற்குள் அடையாளச் சான்றோடு புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்று புதிய சிம் அட்டை பெறவேண்டும். 2019 திசம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள நெறிமுறைப்படி, ஒரே வட்டத்திற்குள்ளான மாற்றம் மூன்று வேலைநாளிலும், வேறு வட்டத்திற்கான மாற்றம் ஐந்து வேலைநாளிலும் முடியவேண்டும். பழைய அட்டை ஓயும். புதிய அட்டை உயிர்பெறும்.

மறுப்பதற்கும் வரையறை உண்டு. இருக்கும் நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் நிறைந்திருக்கவேண்டும். பின்கட்டண முறையினர் வந்த பட்டியலுக்குரிய தொகையைச் செலுத்தியிருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் விலகற் கட்டுப்பாடு ஏதேனும் இருப்பின் அதனைத் தீர்த்திருக்கவேண்டும். பிறர் சிம் அட்டையை ஏமாற்றி மாற்றி வங்கிப் பணத்தைக் களவாடும் கயமை பெருகியதால், 2024 சூலை 1 முதல், அட்டையை மாற்றிப் பெற்றவர் ஏழு நாள் கழித்தே நிறுவனம் மாறமுடியும். முன்கட்டண முறையினர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: பழைய நிறுவனத்தில் எஞ்சியிருக்கும் தொகை உடன் வாராது. எனவே செலுத்திய கட்டணத்தின் காலம் முடியும் தறுவாயில் மாறுவதே அறிவுடைமை.

இவ்வளவும் கேட்குங்கால், 'நல்ல ஏற்பாடுதானே!' என்று தோன்றும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதன் அடியில் ஒரு முடிச்சு இருக்கிறது. விலகுகிறேன் என்னும் செய்தியை எதன்வழி அனுப்பவேண்டும்? எந்த நிறுவனத்தை விட்டு விலகுகிறோமோ, அந்த நிறுவனத்தின் அலைவழியே அனுப்பவேண்டும்! குறியீடும் அதன்வழியே வரவேண்டும். அலை எட்டவில்லை என்பதற்காக விலக முனைபவன், எட்டாத அந்த அலையின் துணையை நாடவேண்டும். பூட்டிய வீட்டின் திறவுகோல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இது கற்பனைக் குறையன்று. 2018 பிப்பிரவரித் திங்களில் தமிழ்நாடு இதனைக் கண்ணெதிரே கண்டது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, இங்கேயே வேரூன்றி வளர்ந்த ஏர்செல் நிறுவனம் கடனில் மூழ்கியது. கோபுரங்கள் ஓய்ந்தன. ஒருநாட்பொழுதில் இலக்கக்கணக்கான செல்பேசிகள் ஊமையாயின. பெயர்வுக் குறியீடு பெறச் செய்தி அனுப்ப முயன்றோர்க்கு அலையே இல்லை. அனுப்பியோர் சிலர்க்கு மறுமொழி வரவில்லை. பல நகரங்களில் அந்நிறுவனக் கடைகளின் முன் மக்கள் வெயிலில் வரிசையாக நின்றனர். வங்கிச் செய்தி வாராமல் வணிகர் திகைத்தனர். அவ்வாண்டு பிப்பிரவரி 28-இல் நிறுவனம் கடன்தீர்க்க வலியற்ற நிலையை முறைப்படி அறிவித்தது. குறியீடு கிடைப்பதற்கு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு மாற்றுவழி காணவேண்டியதாயிற்று. நகரத்தானுக்கு அஃது ஒரு பருவத்துத் துன்பம். அலை நலிந்த மலையூரானுக்கோ அஃது அன்றாட நிலை!

இன்னுமொரு முடிச்சும் இருந்தது. குறைந்த கட்டணத் திட்டங்கள் சிலவற்றில் குறுஞ்செய்தி அனுப்பும் ஏந்தே இல்லாதவாறு நிறுவனங்கள் அமைத்திருந்தன. குறைந்த கட்டணம் செலுத்துபவன் யார்? ஏழை. அவன் விலகவும் முடியாது. 2021 திசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் முனைந்து, எத்திட்டத்தில் இருப்பவராயினும் 1900-க்குச் செய்தி அனுப்ப இடந்தரவேண்டும் என்று கட்டளையிட்ட பின்னரே அக்கதவு திறந்தது. கேளாமல் எதுவும் கிடைப்பதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது முடிச்சு மொழி. இந்தியாவில் விற்கும் செல்பேசிகள் இந்திய மொழி எழுத்துகளைக் காட்டவேண்டும் என்று 2016-இல் நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது. கருவி தமிழைக் காட்டுகிறது. ஆனால், விலகும் சொல்லோ ஆங்கிலமாகவே நிற்கிறது! தமிழ்நாட்டில், தமிழனிடம் பணம் பெற்று நடக்கும் நிறுவனத்தை விட்டு விலக, தமிழன் ஆங்கில எழுத்தைத் தேடித் தட்டவேண்டும். 'மாற்று' என்று தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்ளக் கணிப்பொறிக்கு என்ன தடை? ஆங்கில நான்கெழுத்தை அறியும் கருவி, தமிழ் மூன்றெழுத்தை அறியாதா? மறுமொழிக் குறியீடும் ஆங்கில எழுத்துக் கலவை. படிக்கத் தெரியாத முதியவர் என்ன செய்வார்? செல்பேசியையே கடைக்காரரின் கையில் கொடுப்பார். கடவெண் வரும் கருவியையும் ஆதார் எண்ணையும் விரற்பதிவையும் ஒருசேரப் பிறர் கையில் ஒப்படைப்பது எத்துணை இடரானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆக, மொழியுரிமை மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. ஏழையின் பணப்பைக்கும் அதுவே பூட்டு.

இனி, முடிச்சுகளுள் பெரியதைப் பார்ப்போம். மாறுவதற்கு இன்னொரு நிறுவனத்தின் அலை அவ்வூரில் இருக்கவேண்டுமே! பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நாட்டில் போட்டியிட்ட காலம் ஒன்று இருந்தது. 2016-இல் சியோ வந்தபின் பல நிறுவனங்கள் மூடின; சில இணைந்தன. இன்று தனியார் மூவரும் அரசின் பி.எசு.என்.எல். நிறுவனமுமே எஞ்சியுள்ளனர். 2024 சூலைத் தொடக்கத்தில் தனியார் மூவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் கட்டணத்தை உயர்த்தினர். அப்பொழுது இலக்கக்கணக்கானோர் அரசு நிறுவனத்திற்குப் பெயர்ந்தனர். எண்ணுரிமை இருந்தமையால் அவர்களால் அவ்வாறு தம் சினத்தைக் காட்ட முடிந்தது. கள்ளக்குறிச்சி நகரத்தார் காட்டலாம். சங்கராபுரத்தார் காட்டலாம். கல்வராயன் மலைச் சிற்றூரார் காட்டமுடியுமா?

கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் அருகே மலைச்சாலை ஏறி, வெள்ளிமலைக்கும் கரியாலூர்க்கும் அப்பால் செல்லுங்கள். மலை மடிப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கும் ஊர்கள் உண்டு. அலை நேர்கோட்டில் செல்வது. குன்று குறுக்கிட்டால் தடைப்படுவது. ஒரு முகட்டில் முழுமையாக எட்டும். நூறடி இறங்கினால் மறையும். 'டவர் இல்லை' என்பதே மக்கள் வழக்கு. ஒரு நிறுவனத்தின் அலைகூட ஒழுங்காக எட்டாத ஊரில், நான்கனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை என்பது, கிணறு இல்லாத ஊரில் 'எந்தக் கிணற்று நீர் வேண்டும்?' என்று கேட்பது போன்றது. 108 ஊர்தியை அழைக்க முகட்டுக்கு ஓடவேண்டிய ஊரில், மகப்பேற்றுத் துன்பம் காத்திருக்குமா? பாம்பின் நஞ்சு காத்திருக்குமா?

இம்மலையின் வரலாறு இதே பாடத்தை முன்னரும் சொல்லியிருக்கிறது. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. ஆனால் குறுநிலத் தலைவர்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலையூர்கள், 1976-ஆம் ஆண்டிலேதான் முழுமையாக அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. சமவெளிக்கு வந்த உரிமை மலையேற இருபத்தொன்பது ஆண்டு! 2011-இல் சமவெளிக்கு வந்த எண்ணுரிமை மலையேற எத்தனை ஆண்டு ஆகவேண்டும்?

கட்டணத்திலும் மலைமக்கட்கு இழப்பே. நாள்தோறும் இவ்வளவு இணையம் என்று சேர்த்துக் கட்டிய திட்டத்தையே நிறுவனங்கள் விற்றுவந்தன. இணையம் எட்டாத ஊரில் இருப்பவனும் இணையத்திற்குச் சேர்த்துப் பணம் கட்டினான். 2024 திசம்பரில்தான், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் தரவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. அத்திட்டங்கள் உண்டு என்பதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கேளாதவர்க்குக் கடைக்காரர் எடுத்துச் சொல்லமாட்டார்.

மாற நினைப்போர் செய்யவேண்டியது இது: கடைவாயிலில் அலை எட்டுகிறதா என்று பாராதீர்கள், உங்கள் வீட்டு வாயிலில் எட்டுகிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கும் உறவினரை வீட்டிற்கு அழைத்து, காலையிலும் மாலையிலும் பேசிப் பாருங்கள். பிறகு குறியீடு கேளுங்கள். நான்கு நாளுக்குள் இறங்கிவர இயலும் நாளையே தேர்ந்துகொள்ளுங்கள். மாற்றம் முடியும்வரை பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

அரசினிடம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று: விலகும் செய்தியும் மறுமொழியும் ஒப்பந்தக் கட்டுப்பாடுகளும் தமிழில் இருத்தல் வேண்டும். இரண்டு: அலை எட்டாத இடங்களில், எந்த நிறுவனக் கடையிலும் நேரில் சென்று அடையாளங் காட்டிப் பெயர்வுக் குறியீடு பெற வழி செய்தல் வேண்டும். மூன்று: அலையில்லா ஊர்கள் 24,680-க்கு நான்காம் தலைமுறை அலை கொண்டுசெல்ல 26,316 கோடி உருவாத் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2022 சூலையில் ஒப்புதல் தந்தது. அவற்றுள் கல்வராயன் மலையூர்கள் எவை, எவ்வூரில் கோபுரம் எழுந்தது, எவ்வூரில் எழவில்லை என்னும் பட்டியலைத் தமிழில் ஊராட்சி அலுவலகந்தோறும் ஒட்டுதல் வேண்டும். நிறுவனங்கள் தம் அலைபரவல் நிலப்படத்தை இணையத்தில் வெளியிடவேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. இணையம் எட்டாத ஊரானுக்கு இணையத்தில் உள்ள படத்தால் என்ன பயன்? சுவரில் ஒட்டுங்கள்!

பெருமக்களே! விலகும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்பந்தம் என்பது தளையே. எண் மக்களுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு செல்ல வழியும், சொல்லக் கேட்கத் தமிழும், சென்றடைய அலையும் மலையுச்சி வரை எட்டும் நாளே அச்சட்டம் முழுமை பெறும் நாள். அந்நாள் தானாக வாராது, கேட்டால் வரும். ஊராட்சிக் கூட்டந்தோறும் கேளுங்கள். தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!

வாழ்க தமிழ்! ஓங்குக மலைமக்கள் உரிமை!