பிள்ளைக்கு டி.என்.ஏ. பரிசோதனை கேட்டால்

பிராங்பேர்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு இன்றைக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம் கதைக்க வேண்டும்.

அகதியாக ஏற்கப்பட்ட பிறகு மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பிப்பீர்கள். பிறப்புச் சாட்சிப்பத்திரம் தொலைந்திருந்தால், அல்லது அதில் சந்தேகம் வந்தால், டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம் என்பார்கள். ஊசி இல்லை, பயப்படாதேங்கோ. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைத்து எடுப்பார்கள். ஆளின் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் எடுப்பார்கள். வீட்டில் எடுத்துத் தபாலில் அனுப்பினது செல்லாது. செலவு பொதுவாக உங்களுடையது.

2010இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சம்மதமில்லாமல் சோதிக்க முடியாது. பிள்ளையின் தலைமயிரைக் களவாக எடுத்து அனுப்புவது சட்டவிரோதம். நீங்கள் மறுக்கலாம், ஆனால் உறவை வேறு வழியில் நிரூபிக்க வேண்டி வரும்.

சோதனை சொல்வது இரத்த உறவை மட்டும்தான். யார் வளர்த்தது என்று அதற்குத் தெரியாது. ஷெல்லடியில் செத்த தமையனின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவர்கள் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள். ஊரில் அதை ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே ‘என் பிள்ளை’ என்று எழுதி, முடிவு ‘இல்லை’ என்று வந்தால், பொய் சொன்னதாக எடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் விண்ணப்பமும் இழுபடலாம். முதல் நேர்காணலிலேயே உள்ளதைச் சொல்லுங்கோ: தமையனின் பிள்ளை, நான் வளர்க்கிறேன். அந்த வழி கடினம்தான், ஆனால் அதைப் பற்றிச் சட்டத்தரணியோடு கதைக்கலாம்.

இன்னொன்று. சிலருக்கு மனைவிமேல் சந்தேகம் இருக்கும்; சிலருக்கு மனதில் ஒரு இரகசியம் இருக்கும். முடிவு வந்த பிறகு தெரியாதது மாதிரி இருக்க முடியாது.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முதல் என்னட்ட வாங்கோ. கதவைச் சாத்திவிட்டுக் கதைப்போம்.