முட்டைக் கோழியும் செள்ளுப் பூச்சியும்



வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கூண்டு, அதில் நாலைந்து கோழிகள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி. சிந்திய சோற்றையும் புல்லையும் புழுவையும் தின்று அந்தக் கோழிகள் இடும் முட்டை நம் பிள்ளைகளுக்குச் சத்துணவு. அப்படிப்பட்ட கோழி வாடிப் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

சிவந்திருந்த கொண்டை வெளுக்கிறது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. உடம்பை ஓயாமல் கொத்திக்கொள்கிறது. மாலையில் கூண்டுக்குள் போக மறுக்கிறது. முட்டை குறைகிறது. இடுகிற முட்டையும் தொட்டாலே நொறுங்குகிறது; சில வேளை ஓடே இல்லாமல் தோல் முட்டையாக விழுகிறது. உடனே நாம், “கண் பட்டுவிட்டது” என்கிறோம். அல்லது, “இனி இது உதவாது, குழம்பு வைத்துவிடலாம்” என்கிறோம். சற்றுப் பொறுங்கள். கத்தியை எடுக்குமுன் டார்ச் விளக்கை எடுங்கள்.

இரவு நன்றாக இருட்டிய பிறகு, கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை படிந்தால், அது செள்ளுப் பூச்சி குடித்த கோழியின் இரத்தம். ஊசி முனை அளவே உள்ள இப்பூச்சி பகலில் பலகை இடுக்குகளில் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து இரத்தம் குடிக்கும். ஆகவேதான் பகலில் கோழியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் நம் கண்ணில் படுவதில்லை. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடுவதற்கும் இது ஒரு காரணம். இன்னொரு வகைச் செள்ளு கோழியின் உடம்பிலேயே தங்கும். வால் பக்கத்து இறகை விலக்கினால் அழுக்குப் போலத் தெரியும்.

எனவே கோழிக்கு மட்டும் வைத்தியம் செய்து பயனில்லை. கூண்டுக்கும் வைத்தியம் வேண்டும். கோழிகளை வெளியேற்றிவிட்டுப் பழைய வைக்கோலையும் குப்பையையும் எரித்துவிடுங்கள். கட்டைகளைக் கழற்றி, இடுக்கு இடுக்காகக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். வெப்பமான நாட்டில் செள்ளின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்த பூச்சியாகிவிடும். ஆகையால் வாரம் ஒரு முறையாக, மூன்று வாரம் இப்படிச் செய்ய வேண்டும். ஒரே நாளோடு விட்டால் பழைய கதைதான். மழை படாத இடத்தில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால், கோழி அதில் புரண்டு தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் தெளிக்கும் பூச்சி மருந்தையோ களைக்கொல்லியையோ கோழி மேல் ஒருபோதும் தெளிக்காதீர்கள். அந்த நஞ்சு முட்டை வழியாக நம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

செள்ளு ஒழிந்தால் கோழி தேறும். ஆனால் அதனால் மட்டும் முட்டை ஓடு தடித்துவிடாது. ஓட்டின் பெரும் பகுதி சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. வெறும் சோற்றிலும் தேங்காய்ச் சக்கையிலும் அது போதிய அளவு கிடையாது. தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்குக் கொடுக்கும். தாய்க்கோழி மெலிவது அதனாலும்தான். நாம் சமைத்த பின் வீசும் கெராங் சிப்பி ஓட்டைக் காயவைத்து, நொய்யரிசி அளவுக்கு இடித்து, தனியாக ஒரு சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி வேண்டிய அளவு தின்னும். குஞ்சுகளின் தீனியில் அதைக் கலக்க வேண்டாம். நிழலும் எந்நேரமும் நல்ல தண்ணீரும் அவசியம்; வெயிலில் இளைக்கும் கோழியின் முட்டை ஓடு மெலியும்.

பல கோழிகள் ஒரே சமயத்தில் சோர்ந்து, மூச்சு வாங்கி, கழுத்துத் திருகி விழுந்தால் அது செள்ளு அல்ல, தொற்று நோய். செத்த கோழியைத் தின்னவோ விற்கவோ கூடாது. உடனே கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கொதிநீர், சாம்பல், சிப்பி ஓடு. மூன்றுக்கும் பெரிய செலவில்லை. இன்றிரவே கூண்டைப் பாருங்கள். நாளைக்குப் பிள்ளையின் தட்டில் முட்டை இருப்பது அதைப் பொறுத்தது.