தோளும் குரலும்

இரட்டைப் புலவர் கதை நாம் அறிந்ததே. பார்வையற்றவர் நடக்கவியலாதவரைத் தோளில் சுமந்தார். சுமக்கப்பட்டவர் வழி காட்டினார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார். தோள் கொடுத்தவர் குரலைப் பறித்துக்கொள்ளவில்லை.

நாமோ, மாற்றுத்திறனாளி ஒருவரோடு அலுவலகம் சென்றால், “இவருக்கு என்ன வேண்டும்?” என அலுவலர் நம்மைக் கேட்க, நாமே விடையிறுத்துவிடுகிறோம்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் தந்த 3 விழுக்காட்டு இடஒதுக்கீட்டை 2016ஆம் ஆண்டுச் சட்டம் 4 ஆக்கியது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்கும் மாநில ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்கள் சிலவற்றையும் அளித்தது. வேப்பூரிலிருந்து அவருக்கு ஒரு மனு எழுதித் தருவது தமிழ் கற்ற நமக்கு அரிதன்று. எழுதியதைப் படித்துக் காட்டி, உரியவர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, விசாரணையில் அவரே பேசி முடிக்கும்வரை வாய்மூடி நிற்பதுதான் (என்போன்ற ஆசிரியர்க்குக் குறிப்பாக) அரிது.