பனிக்காலத்திற் கரையேறும் பாய்ப்படகு

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியை ஈழத்துத் தமிழர் பலர் அறிவர். கோடையில் அக்கப்பலை வரவேற்ற அதே கரை மார்கழி, தை மாதங்களில் வேறொரு முகத்தைக் காட்டும். ஆதலின் அங்குள்ள சிறு பாய்ப்படகுகளை உடையோர், ஐப்பசி மாதம் முடியுமுன்னரே அவற்றைக் கரையேற்றிவிடுவர். இதனைப் படகின் உறக்கம் என்று எண்ணுவோர் உளர். அடுத்த கோடையில் அப்படகிற் செல்வோரின் உயிருக்குக் காவல் அமைக்கும் வேலை இதுவே என்பதைப் படகோட்டிகள் அறிவர்.

குளிர்நாட்டுக் கடலிற் படகுக்குப் பகை இரண்டு. ஒன்று புயல். 1898ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம், 27ஆம் நாட்களில் அக்கரையைத் தாக்கிய பெரும் புயலில், ‘போட்லண்ட்’ என்னும் நீராவிக் கப்பல் அதிலிருந்த அனைவருடனும் மூழ்கியது. பெருங்கப்பலுக்கே அக்கதியெனின், நங்கூரமிட்டு நிற்கும் சிறு படகின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றைய பகை பனிக்கட்டி. கடல்நீர் உவர் மிகுந்தது. ஆதலால் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 2 பாகை சதமம் வரை குளிர்ந்த பின்னரே உறையும். ஆற்று முகங்களிலோ நன்னீர் கலப்பதால் அது விரைவில் உறைந்துவிடும். வற்றும்போதும் பெருகும்போதும் நகரும் பனிப்பாளங்கள், நீர்மட்டத்திலுள்ள பலகையை அரத்தைப்போல அராவும்.

கரையேற்றுவதற்குமுன் பாய்கள் நன்னீரிற் கழுவி உலர்த்தி மடிக்கப்படும். பாய்மரமும் பெரும்பாலும் கழற்றப்படும். பின்னர் நீர் பெருகும் வேளையில், கடலுள் இறங்கிச் செல்லும் தண்டவாளத்தின்மீது, தொட்டில் போன்ற மரச்சட்டத்திற் படகை இருத்தி மேலே இழுப்பர். இக்காலத்தில் அகன்ற வார்களால் அணைத்துப் பாரந்தூக்கியால் உயர்த்துவதும் வழக்கம். எவ்வழியாயினும் விதி ஒன்றே: படகின் பாரம் முழுவதையும் ஏரா எனப்படும் அடிமரமே தாங்க வேண்டும். பக்கங்களில் நிறுத்தும் முட்டுக்கால்கள் படகு சாயாதிருப்பதற்கு மட்டுமே உரியன. பாரம் அவற்றின்மேல் விழுந்தால் பக்கப் பலகைகள் உள்வளைந்து, படகின் வடிவமே கெட்டுவிடும்.

நீரிலிருந்து ஏறிய அன்றே அடிப்புறத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பாசியும், கொட்டலசு என்னும் ஓட்டுயிர்களும் ஈரமாயிருக்கும்போது எளிதிற் கழன்றுவிடும். இரண்டு நாள் உலரவிட்டாற் கல்லைப்போல் இறுகிவிடும்.

இனி மறைந்து நிற்கும் நீரைக் கவனிக்க வேண்டும். நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும். இறுக மூடிய இடத்தில் அப்பெருக்கத்தை இரும்பும் தாங்குவதில்லை. இயந்திரத்திலும் பம்பியிலும் குழாய் வளைவுகளிலும் தங்கிய நீரை வடித்து, வடிக்க முடியாத இடங்களில் உறையாத் திரவத்தைச் செலுத்துவர். படகின் அடியிலுள்ள ஒரு வால்வினுள் ஒரு கரண்டி நீர் எஞ்சினும், அது உறைந்து வால்வை வெடிக்கச் செய்யலாம். மயிரிழை போன்ற அவ்வெடிப்புப் பனிக்காலத்திற் கண்ணுக்குப் புலப்படாது. வசந்தத்திற் படகை நீரில் இறக்கியபின், ஆளில்லாத இரவொன்றில் அவ்வழியே கடல் உட்புகும். ஐப்பசியிற் செய்த அசட்டை சித்திரையிலேயே வெளிப்படும்.

மரப்படகைப் பற்றி வியக்கத்தக்க உண்மையொன்று உண்டு. அதனை உளுக்கச் செய்வது உவர்நீரன்று, மழைநீரே. மரத்தை உண்ணும் பூஞ்சணம் நன்னீர் ஈரத்திலும் அசையாக் காற்றிலும் வளரும். உப்போ அதனைத் தடுக்கும். இதனை உணர்ந்தே, குளோஸ்டருக்கு அயலிலுள்ள எசெக்ஸ் போன்ற ஊர்களிற் கப்பல் கட்டியோர், வெளிப்பலகைக்கும் உட்பலகைக்கும் இடையே உப்பை நிரப்பிவைத்தனர். படகைப் படங்கினால் மூடும்போது, மழையும் பனியும் வழிந்தோடச் சரிவும், இரு முனைகளிலும் காற்றுப் புக வழியும் விடுவதன் காரணமும் இதுவே. காற்றுப் புகாது கட்டிவைத்த படகு, மூடாது விட்ட படகினும் விரைவில் உளுத்துப்போவதுண்டு.

மாதக்கணக்கில் தரையில் நிற்கும் மரம் உலர்ந்து சுருங்கும். பலகைகளின் பொருத்துகள் வாய்திறக்கும். அதனைக் கண்டு அஞ்சி, இடைவெளிகளிற் கடினமான பசையைத் திணித்து நிரப்புவோர் பெருந்தவறு செய்பவராவர். படகு மீண்டும் நீரில் இறங்கியதும் பலகைகள் ஊறிப் பருக்கும். இடைவெளியில் இறுகிய பசை இடந்தராமையால் ஆணிகள் தளரும், சட்டங்கள் முறியும். கைதேர்ந்த கலப்பற்றுக்காரர், பழுதுற்ற பஞ்சை மாத்திரம் மாற்றி, எஞ்சியதை நீரின் பொறுப்பில் விட்டுவிடுவர்.

இக்காலத்திற் சிறு படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையாற் செய்யப்படுகின்றன. அவற்றிற்குப் பொருத்து இல்லை. ஆனால் குழாயும் வால்வும் உண்டு, உறையும் நீரும் உண்டு. மரப்படகை வைத்திருப்போரோ, வசந்தத்தில் அதனை இறக்கிய முதல் இரவிற் கண்துஞ்சுவதில்லை. பம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கசியும் நீரை இறைத்தபடி பலகைகள் ஊறி ஒன்றையொன்று நெருக்கும்வரை காத்திருப்பர். கசிவு குறைந்து பொருத்துகள் மூடிக்கொண்ட பின்னரே பாய்மரத்தை நாட்டிக் கடலை நோக்குவர்.