நிதானமே!

(பட்டிமன்றத் தலைப்பு: இன்றைய இளைஞர்களுக்குப் பெரிதும் தேவை துணிச்சலா? நிதானமா?)



எனக்கு முன்னால பேசிய எதிரணித் தம்பி, போகும்போது ஒரு கேள்வியைப் போட்டுட்டுப் போயிருக்கார். "வாஸ்கோ ட காமா நிதானம் பார்த்துக்கிட்டு வீட்டுலயே உட்கார்ந்திருந்தா இந்தியாவுக்குக் கடல்வழி கிடைச்சிருக்குமா?" நீங்க கை தட்டினீங்க. பழக்க தோஷத்துல நானும் தட்டிட்டேன். (சிரிப்பு) அதுக்குக் கடைசியில் பதில் சொல்றேன். அதுவரைக்கும் அவர் கொஞ்சம் நிதானமா உட்கார்ந்திருக்கணும். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 2011 மார்ச் மாதம் லீவு போட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு லாவோஸ் நாட்டுக்குக் கிளம்பிவிட்டான். தலைநகர் வியன்டியான். அங்கிருந்து வடக்கே அப்போது பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் வாங் வியெங் என்று ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டி நாம் சோங் என்று ஓர் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறை மலைகள், யாரோ நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக நிற்கும்.

அங்கே என்ன விசேஷம்? டிராக்டர் சக்கரத்துக்குள்ளே இருக்குமே, அந்த ரப்பர் டியூப். அதை வாடகைக்குக் கொடுப்பாங்க. ஆட்டோவில் ஏற்றி நாலு கிலோமீட்டர் மேலே கொண்டுபோய் விடுவாங்க. டியூப்புக்குள்ளே உட்கார்ந்தா ஆறே உங்களை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துடும். முடிச்சா, மிதந்தவர்னு எழுதின பனியன் கடையில் வாங்கிப் போட்டுக்கலாம். நான் முனைவர் பட்டம் வாங்க ஆறு வருஷம் ஆச்சு. அங்கே நாலு கிலோமீட்டர் மிதந்தா பட்டம்! (சிரிப்பு)

இது எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? இதுதான் ரொம்ப முக்கியம். 1990களின் கடைசியில், அந்த ஆற்றங்கரையில் இயற்கை விவசாயப் பண்ணை ஒன்று நடத்தியவர், பகல் பூராவும் வேலை செஞ்ச தொண்டர்கள் சாயங்காலம் கொஞ்சம் இளைப்பாறட்டும்னு சில டியூப் வாங்கிப் போட்டார். அவ்வளவுதான். ஓய்வுக்கு வந்த டியூப், நடுவர் அவர்களே! நிதானத்துக்குப் பிறந்த டியூப்! அதை எதிரணிக்குக் கட்சி மாற்றியது யார்? (கைதட்டல்)

பத்து வருஷத்துக்குள்ள ஆற்றின் இரண்டு கரையிலும் வரிசையா பார்கள். நம்ம ஊரில் ராத்திரி பஸ்ஸை ஒரு ஓட்டல் வாசல்ல நிறுத்தி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்"னு சொல்வாங்களே, நாம கேட்டோமா? அங்கே கரையில் நிற்கிறவர் கயிற்றை வீசுவார். பிடிச்சா இழுத்துக் கடைக்குள்ளே சேர்த்துடுவார். உள்ளே போனதும் அரிசிச் சாராயம் ஒரு கிளாஸ் இலவசம். அப்புறம் சின்ன வாளியில் மதுவை ஊற்றி உறிஞ்சுகுழலைப் போட்டுக் கொடுப்பாங்க. நம்ம வீட்டுல வாளியில தண்ணி பிடிக்கச் சொன்னாலே எழுந்திருக்காத பிள்ளைங்க! (சிரிப்பு) அதுக்கு மேலே ஒரு மரமேடை, உயரத்துல ஒரு கயிற்று ஊஞ்சல். ஆடு, கையை விடு, ஆற்றில் விழு. சுற்றி நூறு பேர் கை தட்டுவாங்க.

என் மாணவன் அந்த மேடையில் ஏறிவிட்டான். கயிறு கைக்கு வந்துவிட்டது. கீழே, "குதி, குதி"ன்னு சத்தம். அப்போ டியூப்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு உள்ளூர்ப் பையன், பத்து வயசு இருக்கும், அண்ணாந்து இவனைப் பார்த்தான். பாஷை கிடையாது. ஒரு கையை இப்படி அசைத்தான். "வேண்டாம்." இன்னொரு கையால் தண்ணீரைக் காட்டினான். மார்ச் மாதம் அங்கே கோடை. ஆறு வற்றிப் பாறை மேலே வந்திருக்கிற நேரம்.

"அப்புறம் என்னப்பா செஞ்சே?"ன்னு கேட்டேன்.

"ஐயா, நான் ஆத்தங்கரை ஊர்க்காரன். புது ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பையன்கிட்ட ஆழம் கேக்கணும்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. கயித்தை விட்டுட்டு இறங்கிட்டேன். எல்லாரும் ஊளையிட்டாங்க. கோழைன்னாங்க."

இறங்கும்போது படியில் அடுத்த ஆள் ஏறிக்கொண்டிருந்தான். காலையில் விடுதியில் இவனோடு பக்கத்து மேசையில் சாப்பிட்ட வெளிநாட்டுப் பையன். இவன் கையைப் பிடித்து, "பாறை இருக்காம்" என்று சொல்லியிருக்கிறான். அவன் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டு மேலே போனான். குதித்தான். கைதட்டல் கேட்டது. அப்புறம் கைதட்டல் நின்றுபோனது.

"தூக்கிக்கிட்டு வந்து ஆட்டோவுல ஏத்தினோம், ஐயா. தலையை நான்தான் மடியில வச்சிருந்தேன். பிழைச்சானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவன் பேருகூடக் கேட்டு வச்சுக்கலை."

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நம்ம பாட்டிமார் என்ன சொன்னாங்க? "ஆழம் தெரியாம காலை விடாதே." அங்கே காலை விடலை, தலையை விட்டாங்க. அந்த 2011ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக் கணக்கில் 27 சுற்றுலாப் பயணிகள் இறந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எல்லாம் யாரோ ஒரு தாய், விமான நிலையத்தில் கையசைத்து அனுப்பிய பிள்ளைகள். 2012 ஆகஸ்டில் அரசாங்கம் இறங்கியது. ஆற்றோரப் பார்களை மூடினார்கள், ஊஞ்சல்களைப் பிரித்துப் போட்டார்கள்.

எதிரணியில் கேட்கலாம்: "அதோட முடிஞ்சதா?" ஊஞ்சல் முடிஞ்சது ஐயா, இலவச கிளாஸ் முடியலை. 2024 நவம்பரில் அதே வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் சிலருக்கு வயசு 19. மெத்தனாலுக்கு நிறம் கிடையாது. மதுவிலிருந்து பிரித்துச் சொல்ல நாக்கால் முடியாது. உடம்புக்குள் போய் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை எடுக்கும். அதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். கிளாஸை வாங்கிய கைகள் வேறு, விஷம் ஒன்றுதான்.

அப்படின்னா பிள்ளைகளைப் பூட்டி வைக்கச் சொல்றியான்னு கேட்பாங்க. இல்லை. என் மகள் போன மாசம் போன் பண்ணினா. "அப்பா, லாவோஸ் போகலாம்னு இருக்கோம். இப்போ வியன்டியானிலேருந்து வாங் வியெங்குக்கு ரயிலே வந்திடுச்சு"ன்னா. 2021 டிசம்பரில் ஓட ஆரம்பித்த ரயில். வீட்டில் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... எதிரணி பரவாயில்லை! (சிரிப்பு)

நான் சொன்னேன்: "போயிட்டு வாம்மா. டியூப்லயும் மிதந்துட்டு வா. மிதவைச் சட்டை போட்டுக்கோ. சும்மா கிடைக்கிற கிளாஸைத் தொடாதே. நூறு பேர் கை தட்டினா நம்பாதே. ஊர்க்காரன் ஒருத்தன் கை அசைச்சா நின்னுடு."

இது துணிச்சலைத் தடுக்கிற பேச்சா? துணிச்சலுக்கு ஆயுசு கொடுக்கிற பேச்சு. குதிக்கத் துணிச்சல் வேணும், ஒத்துக்கறேன். ஆனா நூறு பேர் ஊளையிடும்போது கயிற்றை விட்டுவிட்டு இறங்கினானே என் மாணவன், அந்தத் துணிச்சல் எங்கேயிருந்து வந்தது? அவன் அப்பா சொல்லிக்கொடுத்த நிதானத்திலிருந்து வந்தது!

சரி, வாஸ்கோ ட காமாவுக்கு வருவோம். தம்பி நிதானமாகத்தான் உட்கார்ந்திருக்கார், நன்றி. (சிரிப்பு) 1498இல் அவர் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தார். எதிரே தெரியாத கடல். உடனே பாய் விரித்துப் பாய்ந்தாரா? கிழக்குக் கரையில் மலிந்தி என்ற ஊரில் நிறுத்தி, இந்தக் கடலை அறிந்த ஒரு மாலுமியைக் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் கோழிக்கோட்டுக்கு வந்தார். தம்பி, உங்க வாஸ்கோ ட காமாவே ஆழம் கேட்டுத்தான் வந்திருக்கார்! (பலத்த கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, தட்டுகிற நூறு கைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அசைகிற ஒரு கையைப் பார்த்துச் சொல்லுங்கள். இன்றைய இளைஞர்களுக்குப் பெரிதும் தேவை நிதானமே, நிதானமே என்று கூறி அமர்கிறேன்.