நீலியின் வழக்கு



‘அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆசிய நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்கள் இரவுதோறும் கதை சொல்லி வருகின்றன. இந்தியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய ‘நாகின்’ என்னும் தொடர் ‘நாகினி’ என்ற பெயரில் தமிழ்க் குரல் பெற்று நம் வீடுகளுக்குள் புகுந்தது. பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடி வந்து பழிதீர்க்கும் நாகப்பெண் அதன் தலைவி. 2017-இல் சன் தொலைக்காட்சியில் ‘நந்தினி’ வந்தது. அங்கும் பாம்பின் வஞ்சமே கதையை நடத்தியது. கொரிய நாட்டிலோ 1977-ஆம் ஆண்டிலேயே ஊர்ப்புறத்துப் பேய்க் கதைகளைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கிவிட்டனர்.

கதையின் சட்டம் பெரும்பாலும் ஒன்றே. எளியவள் ஒருத்தி கொல்லப்படுகிறாள். கேட்பார் இல்லை. அவள் பாம்பாகவோ பேயாகவோ மீண்டு வந்து, பகைவரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறாள். பகைவர் எத்தனை பேரோ அத்தனை மாதம் தொடரும் நீளும்.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலம் எங்கள் ஊர். பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், இறைவணக்கம் முடிந்து வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளின் வாயில் முந்திய இரவின் தொடரே நடமாடும். அதில் நான் பிழை காண்பதில்லை. நாங்கள் சிறுவராய் இருந்தபோது தெருக்கூத்துக் கதையைத்தானே பேசிக்கொண்டு சென்றோம்! ஆனால் ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கதையைக் கூறி முடித்துவிட்டு, “போலீசுல சொன்னா ஒண்ணும் நடக்காது சார், பாம்புதான் சரி” என்றாள். பத்து வயதுப் பிள்ளை எய்திய முடிவு அது. அன்றிலிருந்து இக்கதைகளைக் குறித்து நான் சிந்திக்கத் தொடங்கினேன். பேய் உண்டா, இல்லையா என்னும் வாதத்தைப் பிறருக்கு விட்டுவிடுகிறேன். இக்கதைகளில் அவை எங்கே போயிற்று, சாட்சி எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடக் கொரியா வரை செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிக்கு வடக்கே திருவாலங்காடு இருக்கிறது. அதையடுத்துப் பழையனூர் இருக்கிறது. இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், திருவாலங்காட்டு இறைவனுக்குப் பழையனூரைக் கொடையாக அளித்த செய்தியைப் பேசுகின்றன. அச்செப்பேடுகளுக்கும் பல நூற்றாண்டு முந்தியது பழையனூர் நீலியின் கதை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டைப் பாடிய பதிகத்திலேயே அதன் குறிப்பு உண்டு.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவாக வழங்குவதைச் சொல்கிறேன். காஞ்சியைச் சேர்ந்த அந்தணன் ஒருவன், முன்னரே மணமானதை மறைத்து வடநாட்டில் இன்னொரு பெண்ணை மணந்தான். அவளோடு ஊர் திரும்பும்போது, உண்மை வெளிப்படுமே என்று அஞ்சித் திருவாலங்காட்டுக் காட்டில் அவளைக் கொன்றான். அவள் பேயானாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்தான். அவனுக்கு உள்ள ஆபத்தைச் சோதிடத்தால் அறிந்த பெற்றோர், மந்திரம் ஏற்றிய வாள் ஒன்றைக் கொடுத்து, அதனைக் கைவிடாதே என்று சொல்லி வைத்தனர். வாணிகத்தின் பொருட்டு அவன் அவ்வழியே வந்தான். பேய் ஓர் அழகிய பெண்ணாகி, கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடி அவனைப் பின்தொடர்ந்தது. பழையனூர் அவையில் வேளாளர் எழுபதின்மர் கூடியிருந்தனர். “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்” என்று அவள் முறையிட்டாள். “இவள் பேய்; என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்” என்றான் வணிகன். அவையோர் குழந்தையை இறக்கிவிடச் சொன்னார்கள். அது தவழ்ந்து சென்று வணிகன் மடியில் ஏறி, “அப்பா” என்றது.

இனி ஐயமேது? இருவரும் ஓரிடத்தில் இரவு தங்குக என்று அவை தீர்ப்பளித்தது. அவன் கையில் வாள் இருக்கும்போது நான் எவ்வாறு உடன் தங்குவேன் என்று நீலி கேட்டாள். வாளை வாங்கி வைத்தனர். வணிகன் நடுங்கினான். “உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிரும் பிணை” என்றனர் அவையோர். விடிந்து பார்த்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். அவன் தாயைப்போல் வடிவெடுத்து வந்த நீலி, “என் மகன் எங்கே?” என்று அலறினாள். எழுபதின்மரும் தீ வளர்த்து அதில் இறங்கினர். கழனியில் உழுதுகொண்டிருந்த ஒருவர் செய்தி கேட்டு, கலப்பைக் கொழுவினாலேயே உயிர்விட்டார் என்றும் ஒரு வழக்கு உண்டு. பழையனூரில் அவர்கள் தீப்பாய்ந்ததை நினைவூட்டும் மண்டபம் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் உறையும் இறைவனுக்குப் பெயர் சாட்சி பூதேசுவரர்.

இக்கதையை ஒரு தொலைக்காட்சித் தொடராக ஆக்கினால் எவ்வளவு எஞ்சும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கொலையுண்ட பெண் இருப்பாள். மறுபிறவி இருக்கும். கள்ளிக் கொம்புக் குழந்தைக்கு நல்ல இடம் கிடைக்கும். வணிகன் சாகும் இரவு ஒரு வாரத்துக்கு நீளும். எழுபதின்மர் இருக்கமாட்டார்கள் என்பதே என் அச்சம். நம் முன்னோரோ நீலிக்காக அன்றி அந்த எழுபதின்மருக்காகவே இக்கதையைக் காத்து வைத்தனர். சைவ இலக்கியம் போற்றுவது அவர்களையே. தீர்ப்புச் சொன்னவன் அத்தீர்ப்புக்குப் பிணையாக நிற்க வேண்டும்; தவறினால் தன்னை அதற்கு ஈடாக வைக்க வேண்டும். எவ்வளவு கடுமையான நெறி!

சிலப்பதிகாரத்திலும் இந்நெறியே காணப்படுகிறது. கண்ணகி மதுரையை எரிப்பதற்கு முன் அரசன் அவைக்குச் செல்கிறாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். சான்று மெய்யென்று கண்ட கணத்திலேயே பாண்டியன் உயிர் துறக்கிறான். தீ அதன் பின்னரே வருகிறது. அந்நூலில் புகார் நகரத்துப் பூத சதுக்கம் ஒன்று பேசப்படுகிறது. பொய்ச்சாட்சி சொல்வோரையும் அங்குள்ள பூதம் பாசத்தால் கட்டி உண்ணும். அதே நகரில் பாவை மன்றம் என்பதும் உண்டு. அரசன் முறை தவறினால் அங்குள்ள பாவை, வாய் திறவாமல், கண்ணீர் மட்டும் சிந்தும்.

இனி அயல்நாடுகளைச் சற்றே பார்ப்போம். சப்பானியரின் ஓயிவா என்னும் பேய், 1825-இல் நாடக மேடை ஏறியதுமுதல் தன்னை வஞ்சித்த கணவனை விடாமல் துரத்துகிறது. அங்கு அவைக்கு இடம் குறைவு. சீனரின் முறை வேறு. பாவ் செங் என்பவர் 999 முதல் 1062 வரை வாழ்ந்த உண்மையான அதிகாரி. அவரைப் பற்றிய தொடர் ஒன்றைத் தைவான் நாட்டார் 1993-இல் எடுத்து, ஆசியா முழுதும் புகழ் பெற்றனர். அவரைப் பற்றிய பழங்கதை ஒன்றில், பட்டு வணிகன் ஒருவனைக் கொன்ற சூளைக்காரன், அவன் சாம்பலை மண்ணோடு பிசைந்து கலம் வனைந்துவிடுகிறான். அக்கலத்தினுள்ளிருந்து இறந்தவன் பேசுகிறான். பேசி, யாரையும் கொல்லச் சொல்லவில்லை. தன்னை நீதிபதியிடம் எடுத்துச் செல்லுமாறு ஒரு கிழவரைக் கேட்கிறான்!

கொரியாவின் மிரியாங்கு ஊரில் வழங்கும் ஆராங்கு கதை இன்னும் நுட்பமானது. அவள் அவ்வூர் நடுவரின் மகள். மானத்தைக் காக்கப் போராடிக் கொலையுண்டாள். அதன்பின் அவ்வூருக்கு வரும் புதிய நடுவர் ஒவ்வொருவரும் முதல் இரவிலேயே இறந்துபோயினர். அவள் அவர்களைக் கொல்லவில்லை என்பதைக் கருதுக. முறையிட வந்தவளின் கோலத்தைக் கண்ட அச்சமே அவர்களைக் கொன்றது. அஞ்சாத ஒருவன் கடைசியில் வந்தான், உட்கார்ந்து கேட்டான். “நாளை வண்ணத்துப்பூச்சியாக வந்து குற்றவாளியின் தொப்பியில் அமர்வேன்” என்று சொல்லி மறைந்தாள். அவ்வாறே நடந்தது. குற்றவாளி தண்டிக்கப்பட்டான்; அவள் பிறகு தோன்றவே இல்லை. 2012-இல் இக்கதையைத் தழுவி ஒரு தொடரையும் கொரியர் எடுத்தனர். ஆவியாக வந்தும் அவள் வேண்டியது காது கொடுக்கும் ஒருவனையே.

எங்கள் பகுதியின் உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்பவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு நிற்கலாகாது என்று அவை விதிக்கின்றன. மாணாக்கரை நான் பலமுறை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். கணக்குக் காட்டாதவனைத் தண்டிக்க அங்கே பேயை யாரும் அழைக்கவில்லை; கல்லில் எழுதி வைத்தார்கள். ஆயினும் அந்த அவையில் நிலமில்லாதவனுக்கு இடமில்லை; பெண்ணுக்கும் இல்லை. இதையும் மாணாக்கரிடம் மறையாது சொல்வது என் வழக்கம். அவைக்குள் நுழைய முடியாதவர்களின் முறையீடுதான் வேப்பமரத்தடிக்கும் கருப்பசாமி கோயிலுக்கும் சென்றது என்று நான் கருதுகிறேன்.

நீலிக்கு மீண்டும் வருவோம். ‘நீலிக் கண்ணீர்’ என்றால் பொய்யழுகை என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். பழையனூர் அவையில் அவள் சிந்திய கண்ணீர் பொய்யே. ஆனால் திருவாலங்காட்டுக் காட்டில் நடந்த கொலை பொய்யன்று. அந்தக் கொலைக்கு அவை கூடவில்லை, சாட்சி இல்லை, பிணை நிற்பார் ஒருவரும் இல்லை. முதல் வழக்கு கேட்கப்படாமையால் இரண்டாம் வழக்கு பொய்வேடம் பூண்டு வந்தது. நம் மொழி இரண்டாம் நாள் அழுகைக்குப் பெயர் சூட்டி வைத்துக்கொண்டது. முதல் நாள் அழுகைக்குப் பெயரே இல்லை. இன்றும் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தி கண் கலங்கினால், “நீலிக் கண்ணீர் வடிக்காதே” என்னும் சொல் எவ்வளவு எளிதாக எழுகிறது! அவள் சொல்ல வந்தது அத்தோடு நின்றுவிடும். எழுபதின்மர் ஏமாந்தது உண்மை. எனினும் அவர்கள் கேட்டார்கள். அழுதவளை வாயிலிலேயே விரட்டவில்லை. இதனை மறந்துவிட்டு, அவர்கள் ஏமாந்ததை மட்டும் பழமொழியாக்கிக் கொண்டோம்.

இக்கதைக்கு இன்னொரு முடிவும் தமிழில் உண்டு. சமணர் இயற்றிய ‘நீலகேசி’ ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. அதன் தலைவி இதே பழையனூர் நீலி. முனிச்சந்திரர் என்னும் சமணத் துறவி, காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்தார் என்று கேட்டு, அவரை வெருட்ட வருகிறாள். பேய்க் கூத்து ஆடிப் பார்க்கிறாள். அவர் அசையவில்லை, சினக்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. அவள் அமர்ந்து அறம் கேட்கிறாள். அதன்பின் அவள் யாரையும் கொல்லவில்லை. குண்டலகேசி தொடங்கிப் பூதவாதி ஈறாக, பல சமயத்தாரின் அவைகளுக்கும் தானே நடந்து சென்று, வினா எழுப்பி, விடை கேட்டு, மறுத்து, வாதிட்டு வெல்கிறாள். ஓர் அவையிலேனும் அவளை அழாதே என்று சொல்ல ஒருவருக்கும் தேவை ஏற்படவில்லை.